படலை இல்லாத ஊரில் வீட்டுக் காவலும் காட்டு விருந்தாளிகளும்

ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட் மாதத்து முதற் செவ்வாய்க்கிழமை மாலையில் அமெரிக்க ஊர்களிலே ஒரு கூட்டம் நடக்கிறது. 'நஷனல் நைற் அவுற்' என்று பெயர். 1984 இல் தொடங்கியது. பொலிஸ்காரரும் தீயணைப்புப் படையினரும் பூங்காவுக்கோ பள்ளிக்கூட மைதானத்துக்கோ வருவார்கள். பிள்ளைகளைத் தீயணைப்பு வண்டியில் ஏற்றிக் காட்டுவார்கள். ஐஸ்பழம் கொடுப்பார்கள். வீட்டுப் பாதுகாப்புப் பற்றிய துண்டுப் பிரசுரங்களும் கொடுப்பார்கள். ரெக்சாசில் இருக்கும் வாசகர்களுக்கு இது பெரும்பாலும் ஒக்டோபர் முதற் செவ்வாய். ஓகஸ்ட் வெயிலில் அங்கே யார் வெளியே நிற்பது?

நியூ ஜேர்சியில் நாங்கள் இருக்கும் பகுதியில் இதையொட்டி நூலக மண்டபத்திலும் ஒரு கூட்டம் வைத்தார்கள். முதற் பாதி வீட்டுப் பாதுகாப்பு, மறு பாதி ஊருக்குள் வரும் காட்டு மிருகங்கள். அறிவித்தல் எல்லோருடைய தபால் பெட்டியிலும் கிடந்தது. எங்கள் ஆட்களில் போனவர்கள் ஆறே பேர். அதிலும் நால்வர் எங்கள் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிவ்ற் வேலை செய்பவர்கள், அன்று லீவு எடுத்துப் போனவர்கள். மற்றவர்கள் துண்டில் 'பொலிஸ்' என்ற சொல்லைக் கண்டதும் குப்பையில் போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

நாங்கள் வளர்ந்த இடத்தில் சீருடை போட்டவன் படலையில் வந்து நின்றால் வீட்டில் ஓராள் குறையப் போகிறது என்று பொருள். சுற்றிவளைப்பு, தலையாட்டிக்கு முன்னால் வரிசை, அதன் பிறகு வெள்ளை வான். நாய் குரைத்தாலே விளக்கை நூர்த்துவிட்டு மூச்சடக்கிக் கிடந்த சனம் நாங்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு மாமி இருக்கிறா. பார்சல் கொண்டுவரும் வெள்ளை வான் வாசலில் நின்றால் இன்றைக்கும் திரைச்சீலையை இழுத்து மூடிவிடுவா. அவவின் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எங்களுக்குச் சிரிப்பு வருவதில்லை.

ஆனால் இந்தப் பயத்தினால் இங்கே நடப்பது என்ன? எங்களோடு பக்கிங் பகுதியில் வேலை செய்யும் ஒருவர் வீட்டில் ஒரு பிற்பகல் பின்கதவை உடைத்துக் களவெடுத்தார்கள். தாலிக்கொடி, இரண்டு சோடி காப்பு, பிள்ளையின் சங்கிலி எல்லாம் போய்விட்டன. அந்தத் தாலிக்கொடி 1995 ஒக்டோபர் இடப்பெயர்விலே மாமியாரின் பாவாடை விளிம்பில் தைத்துக் கொண்டுபோனது. 2009 இல் வட்டுவாகல் பாலத்தையும் கடந்து வந்தது. அவ்வளவுக்கும் தப்பியது, ஒரு வியாழக்கிழமை மத்தியானம் போனது. அவர்களுடைய அகதி வழக்கு அப்போது நடந்துகொண்டிருந்தது. "வழக்கு முடியும்வரை பொலிசில் பெயர் பதியாதே" என்று யாரோ புத்தி சொல்ல, நான்கு நாள் பேசாமல் இருந்துவிட்டார்கள். அதற்குள் வீட்டைக் கூட்டித் துடைத்தாயிற்று. கைரேகையும் இல்லை, அயலவர் கமராவில் இருந்த படமும் அழிந்துபோயிற்று. பிறகு காப்புறுதிக்காரர் கேட்ட முதல் காகிதம் பொலிஸ் அறிக்கை.

இப்படிப் புத்தி சொல்பவர்களுக்காகச் சில விவரங்கள். நியூ ஜேர்சியின் சட்டமா அதிபர் 2018 நவம்பரில் பிறப்பித்த கட்டளையின்படி, உள்ளூர்ப் பொலிசார் ஒருவருடைய குடிவரவு நிலையை மட்டும் காரணமாக வைத்து அவரை மறிக்கவோ விசாரிக்கவோ கூடாது. குற்ற விசாரணைக்குத் தேவையில்லாமல் அதைப் பற்றிக் கேட்கவும் கூடாது. கலிபோர்னியாவில் 2017 இல் இதைப்போன்ற சட்டம் வந்தது. ரெக்சாசில் அதே ஆண்டு எதிர்த்திசையில் ஒரு சட்டம் வந்தது. அங்கே தடுத்து வைக்கப்பட்டவரிடம் பொலிசார் குடிவரவு நிலையைக் கேட்கலாம். ஆனால் அந்தச் சட்டத்திலும் குற்றத்துக்கு ஆளானவரிடமும் சாட்சியிடமும், விசாரணைக்கு அவசியமானால் ஒழியக் கேட்கக் கூடாது என்றிருக்கிறது. ஆகவே எந்த மாநிலம் என்பது முக்கியம். சந்தேகம் இருந்தால் உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள். சாப்பாட்டு இடைவேளையில் மேசைக்கு எதிரே இருப்பவரிடம் கேட்டு முடிவெடுக்காதீர்கள். நாங்களும் அந்த மேசையில்தான் இருக்கிறோம், அதனால் சொல்கிறோம்.

நகை என்ற ஆசை

எங்கள் வீடுகளில் தங்கம் இருக்கிறது என்பது எங்களுக்கு மட்டும் தெரிந்த இரகசியம் அல்ல. 2011 முதல் 2014 வரை ஜோர்ஜியா, நியூ யோர்க், ஒகாயோ, மிச்சிகன், ரெக்சாஸ் மாநிலங்களில் இந்திய, ஆசியக் குடும்பங்களின் பெயர்ப் பட்டியல் வைத்துக்கொண்டே ஒரு கும்பல் வீடு புகுந்து கொள்ளையடித்தது. அதற்குத் தலைமை தாங்கிய ஹூஸ்ரன் பெண்ணுக்கு 2019 இல் மத்திய நீதிமன்றம் 37 வருடச் சிறை விதித்தது. பெயரைப் பார்த்தே வீட்டைத் தெரிந்தெடுத்தார்கள் என்றால், வாசலில் இருபது சோடிச் செருப்பும் மாவிலைத் தோரணமும் அடையாளம் சொல்லாதா? தோரணத்தைக் கழற்றச் சொல்லவில்லை. செருப்பை உள்ளே வைக்கலாம்.

கலியாணம், சாமத்தியச் சடங்கு என்றால் ஊரே மண்டபத்தில் இருக்கும், வீடு வெறுமையாய் இருக்கும். அழைப்பிதழில் தேதியும் நேரமும் உண்டு. அதை எல்லோரும் பார்க்கும்படி முகநூலில் போடுவதும், நகையோடு எடுத்த படத்தை அன்றே போடுவதும் வேண்டாமே. அடுத்த வாரம் போட்டால் அழகு குறையாது.

நகையை வங்கியின் பாதுகாப்புப் பெட்டியில் வைக்கலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வங்கிக் கணக்கில் உள்ள காசுக்கு 250,000 டொலர் வரை மத்திய அரசின் காப்புறுதி உண்டு. பெட்டிக்குள் இருக்கும் பொருளுக்கு அது இல்லை. வாடகை வீட்டுக் காப்புறுதி எடுத்தவர்களும் பத்திரத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும். வழமையான பத்திரங்களில் நகைக் களவுக்குக் கொடுப்பது 1500 டொலர் அளவோடு நின்றுவிடும். அதற்கு மேல் வேண்டுமானால் நகையை மதிப்பிட்டு, தனியாகப் பதிந்து, கொஞ்சம் கூடக் கட்டவேண்டும். ஒவ்வொரு நகையையும் படம் எடுத்து, நிறையும் எழுதி, ஊரிலோ கனடாவிலோ உள்ள சகோதரத்துக்கு ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். இதற்குச் செலவே இல்லை.

கதவுக்கும் பெரிய செலவில்லை. பூட்டின் நாக்கு நுழையும் தகட்டைப் பிடித்திருக்கும் ஆணிகள் பல வீடுகளில் முக்கால் அங்குலந்தான். ஒரு உதையில் நிலை பிளந்துவிடும். மூன்று அங்குல ஆணி நாலு வாங்கிப் பூட்டினால் அது சுவர்க் கட்டை வரை போய்ப் பிடிக்கும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். இழுத்துத் திறக்கும் கண்ணாடிக் கதவுக்குத் தும்புத்தடியை அளவாக வெட்டித் தண்டவாளத்தில் போட்டுவிட்டால் வெளியே இருந்து அசைக்க முடியாது. காரின் திறப்பைக் காருக்குள் விட்டுவிட்டுக் குளிருக்கு எஞ்சினை ஓடவிடும் பழக்கமும் வேண்டாம். நியூ ஜேர்சியில் வீடு புகுவோர் பலர் தேடிவருவது கார்த் திறப்பைத்தான்.

எச்சரிக்கை மணி விற்க வாசலுக்கு வருபவர்களைப் பற்றியும் கூட்டத்தில் சொன்னார்கள். "உங்கள் தெருவில் போன கிழமை களவு நடந்தது, இன்று கையெழுத்திட்டால் இலவசம்" என்பார்கள். அது மூன்று வருட, ஐந்து வருட ஒப்பந்தம். அவசரத்தில் கையெழுத்து வைத்தவர்களுக்கு ஒரு வழி உண்டு. வீட்டு வாசலில் செய்த 25 டொலருக்கு மேற்பட்ட விற்பனையை, மூன்றாவது வேலைநாள் நடு இரவு வரை எழுத்தில் இரத்துச் செய்யலாம். இது மத்திய அரசின் விதி. சனிக்கிழமையும் வேலைநாள் கணக்கில் சேரும், கவனம்.

இன்னொன்று, நாங்கள் வேறொரு வீட்டு வாசலில் நிற்கும்போது. ஊரில் முகவரி தெரியாவிட்டால் எந்தப் படலையையும் திறந்து "அண்ணை, இன்னார் வீடு எது?" என்று கேட்போம். இங்கே அப்படிச் செய்யாதீர்கள். 1992 ஒக்டோபரில் லூசியானா மாநிலத்தின் பற்றன் ரூஜ் நகரில் 16 வயது ஜப்பானிய மாணவன் ஒருவன் விருந்துக்குப் போனபோது தவறான வீட்டுக் கதவைத் தட்டினான். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து 'ஃப்ரீஸ்' என்று கத்தினார். அசையாதே என்பது பொருள். பையனுக்கு அந்தச் சொல் பிடிபடவில்லைப் போலும், முன்னுக்கு வந்தான். சுட்டுக் கொல்லப்பட்டான். குற்றவியல் வழக்கில் அடுத்த ஆண்டு வீட்டுக்காரர் விடுதலையானார். முகவரி சரியில்லை என்றால் தெருவில் நின்றபடியே ரெலிபோன் எடுங்கள். அந்த ஒரு ஆங்கிலச் சொல்லை வீட்டில் எல்லோருக்கும் படிப்பித்து வையுங்கள்.

கரடியும் காக்கைச் சோறும்

இரண்டாம் பாதியில் வந்தவர் படங்களோடு வந்தார். கரடிப் படத்தைப் போட்டதும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் கைதட்டின. எங்களில் வன்னிப் பக்கத்து ஆட்கள் கைதட்டவில்லை. பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குப் போய்க் கரடியிடம் முகம் கிழிபட்டவர்களை அவர்கள் கண்டிருக்கிறார்கள்.

இங்குள்ள கறுப்புக் கரடி அந்த அளவுக்குக் கோபக்காரன் அல்ல. 1970 களின் தொடக்கத்தில் நியூ ஜேர்சியில் நூறு கரடிகூட இல்லை. 2022 இல் அரசு சொன்ன கணக்கு ஏறத்தாழ 3000. பெரும்பகுதி சசெக்ஸ், வாரன், பசெயிக், மொறிஸ் கவுண்டிகளில். ஆனால் மாநிலத்தின் 21 கவுண்டிகளிலும் கண்டிருக்கிறார்கள். வளர்ந்த ஆண் கரடி சராசரி 400 இறாத்தல், பெண் 175. ஓடினால் மணிக்கு 35 மைல்.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் படித்த கதை ஒன்று உண்டு. இரண்டு நண்பர்கள் காட்டில் போக, கரடி வர, ஒருவன் மரத்தில் ஏறினான், மற்றவன் செத்தவன்போலக் கிடந்தான். அந்தக் கதையை இங்கே மறந்துவிடுங்கள். கறுப்புக் கரடி எங்களைவிட நன்றாக மரம் ஏறும். செத்தவன்போலக் கிடப்பதும் இந்தக் கரடிக்குச் சரிவராது. ஓடாமல், முதுகு காட்டாமல், அமைதியாகப் பேசிக்கொண்டு மெல்லப் பின்வாங்க வேண்டும். கிட்ட வந்தால் கையை உயர்த்திப் பெரிதாகத் தெரிந்து சத்தம் போட வேண்டும். தப்பித் தவறித் தாக்கினால் திருப்பி அடிக்க வேண்டும்.

2014 செப்டெம்பரில் வெஸ்ற் மில்ஃபோர்டில் உள்ள அப்ஷவா வனப்பகுதிக்கு எடிசனைச் சேர்ந்த ஐந்து இளைஞர்கள் நடக்கப் போனார்கள். எங்களைப்போன்ற குடும்பத்துப் பிள்ளைகள். எதிரே வந்தவர்கள் கரடி நிற்கிறது, திரும்புங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். இவர்கள் தொடர்ந்து போனார்கள், படமும் எடுத்தார்கள். கரடி பின்தொடர ஆளுக்கொரு பக்கமாய் ஓடினார்கள். 22 வயது மாணவர் ஒருவர் இறந்தார். நியூ ஜேர்சியில் கரடியால் ஒருவர் இறந்ததாகப் பதிவான முதற் சம்பவம் அது. படத்துக்கு நின்றதும் ஓடியதும், இரண்டும் செய்யக் கூடாதவை.

கரடி ஊருக்குள் வருவது எங்களைத் தேடி அல்ல, குப்பையைத் தேடி. நள்ளிரவு வேலை முடிந்து வரும்போது கார்த் தரிப்பிடத்துக் குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டபடி நின்ற கரடியை எங்களில் மூவர் கண்டிருக்கிறோம். காரை விட்டு இறங்காமல் அது போகும்வரை இருந்தோம், அவ்வளவுதான். குப்பையை முதல்நாள் இரவே வெளியே வைக்காமல் எடுக்கும் நாள் காலையில் வையுங்கள். மீன் வெட்டிய கழிவைக் கட்டி, எடுக்கும் நாள்வரை குளிர்ப்பெட்டியின் உறைபெட்டியில் போட்டு வைக்கலாம். வடக்குக் கவுண்டிகளில் இருப்பவர்கள் பல்கனியில் கருவாடு காயப்போட நினைத்தால், ஒரு மைலுக்கு அப்பால் இருப்பவனுக்கும் அழைப்பிதழ் வைத்த மாதிரி.

நியூ ஜேர்சியில் கரடிக்கு உணவு வைப்பது குற்றம். ஒவ்வொரு முறைக்கும் 1000 டொலர் வரை தண்டம். கரடி நடமாடும் இடங்களில் அது எட்டும்படி குப்பையையும் நாய்ச் சாப்பாட்டையும் விடுவதும் இதில் அடங்கும். இதைச் சொன்னபோது எங்களோடு வந்திருந்த ஒரு அம்மா, மகளைக் கொண்டு ஒரு கேள்வி கேட்பித்தா: "சனிக்கிழமையும் அமாவாசையும் காகத்துக்குச் சோறு வைக்கிறோம், அதுவும் குற்றமோ?" மண்டபம் சிரிக்கவில்லை, நல்ல காலம். வந்தவர் யோசித்துவிட்டு, பறவைக்கு வைப்பது வேறு, ஆனால் மிச்சத்தை அப்படியே விட்டால் கரடிக்கு வைத்ததுபோல் ஆகும் என்றார். எங்கள் யோசனை இது: ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். பகலில் வையுங்கள், காகம் எடுக்கும்வரை நில்லுங்கள், மிச்சத்தை எடுத்து இடத்தைக் கழுவிவிடுங்கள். இங்குள்ள காகம் கழுத்திலும் சாம்பல் இல்லாமல் முழுக் கறுப்பு, பிதிர்கள் ஏற்றுக்கொள்வார்களா என்ற சந்தேகத்துக்கு எங்களிடம் பதில் இல்லை.

கரடியைவிட எங்கள் பிள்ளைகளுக்குக் கிட்டிய ஆபத்து உண்ணிதான். மான் பின்வளவுக்கு வந்தால் பிள்ளைகள் துள்ளிக் குதிக்கும். மான் நடமாடும் புல்லில் உண்ணியும் இருக்கும். லைம் நோய் என்பது அதனால் வருவது. 1970 களில் கனெற்றிக்கற் மாநிலத்து லைம் என்ற ஊரில் பல பிள்ளைகளுக்கு மூட்டு வீங்கியதை ஆராயப் போய்க் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். நியூ ஜேர்சி இந்த நோய் அதிகமுள்ள மாநிலங்களில் ஒன்று. ஊரில் மாட்டிலே பிடுங்கிய கொழுத்த உண்ணியை நினைத்துத் தேடாதீர்கள். குஞ்சு உண்ணி கசகசா விதை அளவுதான். மே முதல் யூலை வரை, விளையாடி வந்த பிள்ளையின் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுப்புறம், தலைமயிர் எல்லாம் தடவிப் பாருங்கள். கண்டால் கூரான குறட்டினால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுங்கள். மண்ணெண்ணெய், நெருப்புக்குச்சி ஒன்றும் வேண்டாம். பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் கடித்துக்கொண்டிருந்தால்தான் நோய் தொற்றும், ஆகவே அன்றன்றே பார்ப்பதுதான் மருந்து. சில நாளிலோ ஒரு மாதத்துக்குள்ளோ வட்டமாய்ச் சிவந்து பரவும் தடிப்போ காய்ச்சலோ கண்டால் வைத்தியரிடம் போய் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் மாத்திரையிலேயே மாறிவிடும்.

விசர்நோய் எங்களுக்குத் தெரிந்த நோய். ஆனால் இங்கே அது தெருநாயால் வருவதில்லை. நியூ ஜேர்சியில் முக்கியமாக றக்கூன் என்ற முகமூடிக் கள்ளனாலும், வௌவாலாலும். கடித்தால் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் விட்டு பதினைந்து நிமிடம் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தொப்புளைச் சுற்றி ஊசி போடும் காலம் போய்விட்டது. இப்போது கையில் நாலு ஊசியும், காயத்தில் போடும் மருந்தும். பிள்ளை நித்திரை கொண்ட அறைக்குள் வௌவால் கிடந்தால், கடித்த அடையாளம் இல்லாவிட்டாலும் வைத்தியரிடம் கேட்க வேண்டும். அதன் பல் அவ்வளவு சிறியது.

பாம்பைக் கண்டதும் தடி தேடுவது எங்கள் வழக்கம். நியூ ஜேர்சியில் விஷமுள்ளவை இரண்டே இனம், கிலுகிலுப்பைப் பாம்பு ஒன்று, 'கொப்பர்ஹெட்' ஒன்று. இங்குள்ள பாம்புகளைக் கொல்வது சட்டப்படி குற்றம். ரெக்சாசில் இவற்றோடு நீர்ப்பாம்பு ஒன்றும் பவளப்பாம்பும் சேரும், போதாததற்கு நெருப்பெறும்பு வேறு. குடாப்பகுதி வாசகர்களுக்கு மலைச் சிங்கம். அதற்கும் கரடிக்குச் சொன்னதே: ஓடாதீர்கள், சின்னப்பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள். 'கயோட்டி' என்ற ஓநாய்ச் சாதி மூன்று இடத்திலும் உண்டு. சட்டியைத் தட்டினால் ஓடிவிடும். இரவில் வேலையால் கார் ஓட்டி வருவோர் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை மானைக் கவனியுங்கள். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும். 'ஸ்கங்க்' பீச்சும் நாற்றம் காஸ் ஒழுக்கு மணத்தைப்போல் இருக்கும். எது என்று தெரியாவிட்டால் காஸ் என்றே எண்ணி வெளியே வந்து அறிவியுங்கள்.

கடைசியாக இலக்கங்கள். நியூ ஜேர்சியில் கரடித் தொல்லைக்கு 1-877-927-6337. உயிராபத்து, தீ, ஆள் வீட்டுக்குள் இருக்கும் களவு என்றால் 911. இலங்கையில் பொலிஸ் அவசர இலக்கம் 119 என்பதால் எங்கள் அம்மாமார் பதற்றத்தில் அதையே அழுத்துகிறார்கள். பகலில் வீட்டில் தனியே இருப்பவர்கள் அவர்கள்தான். ஆங்கிலம் தெரியாது என்று வெட்கப்பட வேண்டாம். 'ரமில்' என்ற ஒரு சொல் போதும், பல இடங்களில் ரெலிபோனிலேயே மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். அதுவரை வைத்துவிடாமல் பிடித்திருக்க வேண்டும். தவறி அழுத்திவிட்டாலும் வைக்காமல் தவறு என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பொலிஸ் வாசலுக்கு வரும். வீட்டு இலக்கம், தெரு, மாடி இலக்கம் மூன்றையும் ஆங்கிலத்திலும், அதன் உச்சரிப்பைத் தமிழிலும் பெரிய எழுத்தில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டுங்கள். வருகிற ஞாயிறு, ரெலிபோனை எடுக்காமலே, அம்மாவை ஒருமுறை உரத்து வாசிக்கச் சொல்லுங்கள்.